நான்காவது வரி

மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறிய தாள் இன்னும் என் கைப்பையின் உள்ளறையில் இருக்கிறது. அது மருந்துச் சீட்டு அன்று. வலது இடுப்பின் பக்கவாட்டில் ஓராண்டுக்கும் மேலாக விடாமல் இருந்த வலிக்கு இனி என்ன செய்யலாம் என்று நான் கேட்டபோது, அவர் பொறுமையாக எழுதிய மூன்று வரிகள். முதல் வரியில் மறுபடியும் ஸ்டீராய்டு ஊசி, இரண்டாவதில் பி.ஆர்.பி. (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் ஊசி), மூன்றாவதில் மருந்தில்லாத வெறும் ஊசி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. பி.ஆர்.பி.க்கு எதிரே இருந்த தொகை ஸ்டீராய்டைப் போல ஆறு மடங்கு. "யோசிச்சுச் சொல்லுங்கம்மா, மூணுல எதுவானாலும் பண்ணிடலாம்" என்றார். நான் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கணிதம் சொல்லிக்கொடுப்பவள். எந்த விடை சரி என்று தேடுவதற்கு முன் கேள்வியை முழுதாகப் படி என்று பிள்ளைகளிடம் ஆண்டு முழுக்கச் சொல்பவள். அன்று கேள்வியைப் படிக்காமல் மூன்று விடைகளையும் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே அடுத்த இரண்டு மாதங்கள் கழிந்தன.

தொடக்கத்திலேயே ஒரு குழப்பம் நேர்ந்தது. அதற்கு நம் சொல்லும் ஒரு காரணம். நாம் முதுகின் அடிப்பகுதியையும் இடுப்பு என்கிறோம், குடம் வைக்கும் இடத்தையும் இடுப்பு என்கிறோம், தொடை எலும்பு பொருந்தும் மூட்டையும் இடுப்பு என்கிறோம். "இடுப்பு வலி" என்று சொல்லிக்கொண்டு நான் முதலில் போன இடத்தில் முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த பெரும்பாலோருக்கு அதில் ஏதாவது ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும், எனக்கும் தெரிந்தது. ஆறு வாரம் பெல்ட் கட்டிக்கொண்டு மாத்திரை சாப்பிட்டேன். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஸ்கேன் படங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தொடையின் மேல்பக்கவாட்டில் புடைத்து நிற்கும் எலும்பு முண்டின்மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். துள்ளிவிட்டேன். பிறகு வலது காலில் மட்டும் முப்பது வினாடி நிற்கச் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் அதே இடத்தில் அதே வலி வந்தது. "முதுகு இல்லம்மா இது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

அந்த முண்டில் வந்து பதிபவை குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்ற இரு தசைகளின் நாண்கள். நாம் ஒரு காலை எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் உடல் மறுபக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துபவை அவைதாம். நம்மூரில் தசைநாண், மூட்டைப் பிணைக்கும் நார், குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் ஜவ்வு என்ற ஒரே பெயர் என்பதால், "ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்றுதான் வீட்டில் சொன்னேன். மருத்துவர்களும் வெகுகாலம் இதற்கு வேறு பெயரைத்தான் வைத்திருந்தார்கள்: அந்த முண்டுக்கு மேலே உள்ள பர்சா என்ற நீர்ப்பையின் அழற்சி என்று. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வலியோடு வந்த 877 பேரின் அல்ட்ராசவுண்ட் படங்களைப் பார்த்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே நீர்ப்பை வீங்கியிருந்தது. பாதிப்பேருக்குச் சிக்கல் தசைநாணிலேயே இருந்தது. அந்த நாணிலும் அழற்சி பெரிதாக இல்லை. இழைகள் ஒழுங்கு குலைந்து, நெகிழ்ந்து, தடித்திருக்கின்றன. எந்த ஊசி எதற்கு என்று பார்க்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கும் மருந்து. என் நாணில் இருந்ததோ பெரும்பாலும் அழற்சி அன்று.

முதல் ஊசி

தாளில் மூன்று வரிகள் எழுதப்படுவதற்கு முன்பே எனக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். அதைப் பற்றி நன்றியில்லாமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தபோது வலப்பக்கம் படுத்திருந்தேன். எட்டு மாதமாக அந்தப் பக்கம் புரண்டாலே விழித்துக்கொண்டவள், அன்று இரவு முழுக்க அப்படியே தூங்கியிருக்கிறேன். அந்த ஊசி எனக்கு ஒன்பது வார உறக்கத்தைக் கொடுத்தது. பத்தாவது வாரத்தில் மாடிப்படியில் முதல் சுருக்கு வந்தது. மூன்றாம் மாத முடிவில் நான் பழைய இடத்திலேயே இருந்தேன்.

என் கதை ஊரறிந்த கதை என்பது பிறகு படித்தபோது புரிந்தது. 2009இல் 229 பேரைக் கொண்டு செய்த ஒப்பீடு ஒன்றில், ஒரு மாதக் கணக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 75 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். வீட்டில் பயிற்சி செய்தவர்களில் வெறும் 7 விழுக்காட்டினர். அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் ஊசிக்கு முன் எதுவும் நிற்காது. ஆனால் பதினைந்து மாதங்கள் கழித்துப் பார்த்தபோது ஊசிக்காரர்கள் 48, பயிற்சிக்காரர்கள் 80. நோயாளிகளை முறையான குலுக்கலில் பிரிக்காத ஆய்வு அது, ஆகவே அந்த எண்களை அப்படியே தூக்கிப் பிடிக்கக் கூடாது. நெதர்லாந்தில் குலுக்கல் முறையில் 120 பேரைப் பிரித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அடக்கமாகப் பேசுகிறது: மூன்று மாதத்தில் ஊசி போட்டவர்களில் 55 விழுக்காடு, போடாதவர்களில் 34 விழுக்காடு, ஓராண்டில் 61, 60. மூன்றாம் மாதத்தில் தெரிந்த இடைவெளி ஓராண்டில் இல்லாமலே போய்விட்டது. வகுப்பில் இரண்டு வளைகோடுகளை வரைந்து, இவை எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கேட்போமே, அதே கணக்கு. எந்த நாளில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து வெற்றியாளர் மாறிவிடுகிறார்.

அந்த ஒன்பது வாரத்தில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வலி போய்விட்டது என்று எல்லாவற்றையும் செய்தேன். ஏழு பீரியடும் நின்றே பாடம் எடுத்தேன். ஒரு வேண்டுதல் பாக்கியிருந்ததால் மலைக்கோட்டையின் நானூற்றுக்கு மேற்பட்ட படிகளையும் ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தேன். வலி இல்லாத நாண் குணமான நாண் அன்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடிக்கடி போடும் ஸ்டீராய்டு தசைநாணையே நலிவடையச் செய்யக்கூடும் என்பதால், இரண்டாம் முறை என்ற முதல் வரியை நானே அடித்துவிட்டேன்.

சொந்த ரத்தம்

இரண்டாவது வரிதான் என்னை மயக்கியது. நம் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுழற்றி, பிளேட்லெட்டுகள் செறிந்த இளமஞ்சள் நீரைப் பிரித்து, நைந்த நாணுக்குள் செலுத்துகிறார்கள். பிளேட்லெட்டுகள் வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள் அந்த இடத்தில் புது இழைகளை வளர்க்கத் தூண்டும் என்பது கருத்து. "நம்ம ரத்தம்தானே, கெடுதல் ஒண்ணும் வராது" என்று கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். வெளியிலிருந்து வரும் மருந்தைவிட நம் உடம்பிலிருந்தே எடுத்த ஒன்று என்பதில் ஒரு நம்பிக்கை தானாக ஒட்டிக்கொள்கிறது.

அதற்குச் சான்றும் இருந்தது. மெல்போர்னில் 80 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரே ஒரு பி.ஆர்.பி. ஊசியும் மற்றதற்கு ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டுப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். இடுப்பின் செயல்திறனை நூற்றுக்கு மதிப்பிடும் அளவுகோலில் பன்னிரண்டாவது வாரத்தில் பி.ஆர்.பி. குழு 74, ஸ்டீராய்டு குழு 67. ஸ்டீராய்டின் பலன் ஆறாவது வாரத்தில் உச்சம் தொட்டு, ஆறு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை, பி.ஆர்.பி.யின் பலன் இரண்டாண்டுவரை நீடித்தது. இதைப் படித்த இரவே என் கணவரிடம் வங்கியில் போட்டிருந்த சிறு வைப்புத் தொகையை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

படுத்த பிறகு ஒரு கேள்வி உறுத்தியது. இந்த ஒப்பீட்டில் எதிரே நிற்பது யார்? சில மாதங்களில் களைத்துப்போகும் என்று ஏற்கெனவே தெரிந்த ஸ்டீராய்டு. அதை முந்துவது ஒன்று. எதுவும் இல்லாத ஊசியை முந்துவது வேறு. அந்த இரண்டாவது ஒப்பீட்டைத் தேடிப் படித்தேன். 2019இல் நியூசிலாந்தில் பி.ஆர்.பி.யைச் சாதாரண சலைன் நீரோடு ஒப்பிட்டிருந்தார்கள், பி.ஆர்.பி.யால் மட்டும் விளைந்தது என்று சொல்லத்தக்க பலன் எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை. அதற்கும் முன்பு, 2016இல், அமெரிக்காவின் மிச்சிகனில் 30 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பி.ஆர்.பி.யும் மறுபாதிக்கு என் தாளின் மூன்றாவது வரியையும் செய்திருந்தார்கள். பி.ஆர்.பி. குழுவில் 79 விழுக்காட்டினரும் வெறும் ஊசிக் குழுவில் 71 விழுக்காட்டினரும் முன்னேறியிருந்தார்கள். குழுவுக்குப் பதினைந்து பேர் என்றால் அது ஓர் ஆளின் வேறுபாடு. அதை வேறுபாடு என்றே சொல்ல முடியாது.

வெறும் ஊசி

மூன்றாவது வரியை நான் முதலில் ஏழைகளுக்கான பி.ஆர்.பி. என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. அதற்கென்று ஒரு காரண வழி இருக்கிறது. மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திவிட்டு, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே ஊசி முனையால் நைந்த நாணை இருபது முப்பது முறை துளைக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஆறவும் ஆறாமல், அறுந்தும் போகாமல் தேங்கிக் கிடக்கும் பழைய புண்ணை, சிறிது ரத்தம் கசியவைத்துப் புதிய புண்ணாக மாற்றுவதுதான் நோக்கம். புதுப் புண்ணைத்தான் உடம்பு ஆற்ற முனையும். பி.ஆர்.பி. போடும்போதும் பெரும்பாலான இடங்களில் ஊசி முனையை நாணுக்குள் பல முறை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் போடுகிறார்கள். அப்படியானால் அங்கே வேலை செய்வது மஞ்சள் நீரா, முனையா, அல்லது இரண்டையும் விடக் காலமும் நம்பிக்கையுமா? அடுத்த முறை மருத்துவரிடம் இதைக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "உங்க கேள்வி நியாயமானதும்மா. ஆனா பி.ஆர்.பி. வேணும்னு கேட்டுத்தான் இப்ப எல்லாரும் வர்றாங்க. வெறும் ஊசின்னு சொன்னா ஏதோ குறைச்சலாப் பண்றேன்னு நினைக்கிறாங்க" என்றார். நானும் அப்படி நினைத்தவள்தான் என்பதால் பதில் சொல்லவில்லை.

பிசியோதெரபிஸ்டுகள் போடும் டிரை நீடிலிங் இதனின்று வேறானது. அது அக்குபங்சர் ஊசி போன்ற மெல்லிய ஊசியைப் பெரும்பாலும் தசைக்குள் செலுத்துவது. இதே வலிக்கு அதையும் ஸ்டீராய்டையும் 43 பேரிடம் ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டபோது ஆறு வாரத்தில் டிரை நீடிலிங் பின்தங்கவில்லை. ஆறு வாரம் என்பதோ ஸ்டீராய்டின் பொற்காலம். அங்கேயே அதற்குச் சமமாக நின்றது என்பது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதுவரை அவர்கள் போகவில்லை.

கண்ணாடி

வெறும் ஊசி என்று முடிவு செய்துகொண்டு போனேன். நாள் குறிப்பதற்கு முன், ஊசிக்குப் பிறகு செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தெரிந்துகொண்டு வரும்படி பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். நான் அதை ஒரு சடங்காகத்தான் எடுத்துக்கொண்டேன். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். எங்கள் பள்ளியில் படித்தவராம். எனக்கு நினைவில்லை, அவருக்கு நினைவிருந்தது. என்னைப் படுக்கச் சொல்லவில்லை, காலைத் தூக்கச் சொல்லவில்லை. சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் பக்கத்தில் வெள்ளைப் பலகை ஒன்றும் இருந்தன. மார்க்கரைக் கையில் கொடுத்து, "வகுப்புல எடுக்கிற மாதிரி ஒரு கணக்குப் போடுங்க மிஸ்" என்றார். இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதத் தொடங்கினேன். மூன்றாவது வரிக்கு வந்தபோது, "அப்படியே இருங்க. நகராம கண்ணாடியைப் பாருங்க" என்றார்.

கண்ணாடியில் நின்றவளின் உடல் எடை முழுவதும் வலது காலில் இருந்தது. இடது கால் முன்னால் சும்மா ஊன்றியிருந்தது. வலது இடுப்பு பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி நின்றது, இல்லாத குடம் ஒன்றை அங்கே வைத்திருப்பதைப் போல. "நீங்க அப்பவும் இப்படித்தான் நிப்பீங்க மிஸ்" என்றார் அந்தப் பெண். லால்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒன்பது வயதிலிருந்து அடிகுழாயிலிருந்து அதே இடுப்பில்தான் தண்ணீர் சுமந்தேன். இரண்டு பிள்ளைகளை அதே இடுப்பில்தான் வைத்திருந்தேன். பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றேன். இடுப்பை அப்படித் தள்ளி நிற்கும்போது தொடை உட்பக்கமாகச் சாய்ந்து, தசைநாண் எலும்பு முண்டின்மேல் நசுங்குகிறது என்பதை அவர் தம் கைமுட்டியின்மேல் ஒரு ரப்பர் பட்டையை இழுத்துப் பிடித்துக் காட்டினார். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாலும் அதுதான். வலிக்காத இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து வலது காலை முன்னால் போட்டுக்கொண்டாலும் அதுதான். வலி போகும் என்று நம்பித் தினமும் காலையில் முழங்காலை மறுபக்கத் தோளை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேனே, அதுவும் அதேதான். எட்டு மாதம் அந்தப் பயிற்சியை ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறேன்.

அன்று இரவுதான் இன்னோர் ஆஸ்திரேலிய ஆய்வைப் படித்தேன். 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. 204 பேர், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி. ஒரு குழுவைப் பொறுத்திருந்து பார்க்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு எட்டு வாரத்தில் பதினான்கு அமர்வுகளாக, நாணை நசுக்காமல் நிற்பது, உட்காருவது, படுப்பது எப்படி என்ற விளக்கமும், படிப்படியாகச் சுமை கூட்டும் பயிற்சியும். எட்டாவது வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் பயிற்சிக் குழுவில் 77 விழுக்காடு, ஊசிக் குழுவில் 58, பொறுத்திருந்தவர்களில் 29. ஓராண்டில் 79, 58, 52. வலியின் அளவை மட்டும் எடுத்தால் ஓராண்டில் ஊசிக்கும் பயிற்சிக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஸ்டீராய்டு இன்னும் பலத்தோடு இருக்கும் எட்டாவது வாரத்திலேயே பயிற்சி அதை முந்திவிட்டதே! கைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று வரிகளுக்குக் கீழே நிறைய இடம் இருந்தது. அங்கே எழுதப்படாமல் போன நான்காவது வரி இதுதான். அதற்கு எதிரே எழுதப் பெரிய தொகை இல்லை என்பதாலா, பத்து நிமிடத்தில் முடிகிற காரியம் இல்லை என்பதாலா, அல்லது "ஊசி போடுங்க டாக்டர்" என்று நாமே போய் நிற்பதாலா? மூன்றும்தான் என்று நினைக்கிறேன். கோபம் வந்தது உண்மை. அதில் பாதி என்மேல்தான்.

ஊசியைத் தள்ளிவைத்துவிட்டுப் பதினான்கு வாரம் பயிற்சி செய்தேன். முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துப் படுத்தேன். தலைமையாசிரியரிடம் சொல்லி வகுப்பில் உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். பத்துக்கு ஏழாக இருந்த இரவு வலி நான்குக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அதன்பிறகு மூன்றாவது வரிக்குத் திரும்பினேன். பக்கவாட்டில் படுத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தில் என் நாண். அதன் ஒரு பகுதி மழையில் நனைந்த கயிறுபோல் ஊதிக் கருத்திருந்தது. ஊசி ஒரு வெள்ளைக் கோடாக உள்ளே வந்தது. மரத்துப்போயிருந்ததால் வலி இல்லை. ஆனால் ஒவ்வொரு துளைப்பிலும் பச்சைக் கொய்யாவில் கத்தி இறங்குவதுபோல் ஒரு நறநறப்பை உணர்ந்தேன். இருபத்திரண்டுவரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. அடுத்த ஐந்து நாள் வலி முன்பைவிட அதிகம். அழற்சியை அடக்கும் வலி மாத்திரைகளைப் போடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பாராசிட்டமாலோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் ஆகிறது. இரவு வலி ஒன்று, சில நாள் இரண்டு. இது ஊசியின் பலனா, விடாமல் தொடரும் பயிற்சியின் பலனா, காலத்தின் பலனா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஒரே ஒரு இடுப்பை வைத்துக்கொண்டு குலுக்கல் போட முடியாது.

போன மாதம் கும்பகோணத்திலிருந்து அக்கா பேசினார். அவருக்கும் அதே இடத்தில், அதே முண்டில். பேத்தியின் காதுகுத்து ஆறு வாரத்தில் வருகிறது, எந்த ஊசி போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டார். ஆறு வாரம் என்றதும், ஸ்டீராய்டு என்றுதான் முதலில் வாயில் வந்தது. அந்தக் கணக்குக்கு அதுதான் பொருந்தும். ஆனால் அக்காவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, ஸ்டீராய்டு போட்டால் சில நாட்களுக்கு அது எகிறும். அதைச் சர்க்கரை பார்க்கும் டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றேன். பிறகு எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், காலை எப்படிப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். இதையெல்லாம் இதுவரை யாரும் கேட்கவில்லையே என்றார். ஊசி பற்றி அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து பிசியோதெரபிக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்.